பொன்னாத்தாளின் மூச்சுக்கு ஆடு தந்த உத்தரவு

பொன்னாத்தாள் ஒழுங்காகத் தூங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கிறவர்கள் அவளுடைய உடம்புக்குள் ஒரே ஒரு பகல் குடியிருந்துவிட்டு வரட்டும், அப்புறம் சேர்ந்தே சிரிக்கலாம். நாற்பத்தெட்டு வயதில் வீட்டுக்குத் தூரமாவது நின்றுபோயிற்று. அப்பாடா, ஒரு தொல்லை விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு மாதம் கழித்துப் பிடரியில் ஒரு சூடு கிளம்பியது. பிடரியிலிருந்து காது, காதிலிருந்து உச்சந்தலை, அங்கிருந்து குபீரென்று வேர்வை. சேலைத் தலைப்பைப் பிழிந்தால் சொட்டும். பிழிந்து முடிப்பதற்குள் குளிர் எடுக்கும். பகலில் ஒன்பது பத்து தடவை இப்படி வரும். கண்ணை மூடிப் படுத்தால் எத்தனை தடவை என்று கணக்கே கிடையாது.

பித்தம் என்றார் வைத்தியர். கண்ணேறு என்றாள் பக்கத்துத் தோட்டத்துக்காரி. அந்த வயசு அப்படித்தான் என்றார்கள் அந்த வயசைத் தாண்டினவர்கள், தாண்டின திமிரில். புருஷன் சின்னண்ணக் கவுண்டர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் சட்டென்று ஒன்றும் சொல்கிற ஆள் இல்லை.

சின்னண்ணன் நல்ல மனுஷர், அதில் சந்தேகம் வேண்டாம். மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே பன்னிரண்டு ஏக்கர் தோட்டம், நாலு ஜோடி எருது, பதினாலு வீட்டுப் பங்காளிகளுக்கு மூத்தவர். கள் குடிக்க மாட்டார், பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. அவரிடம் ஒரே ஒரு குறை. ஆட்டைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார்.

அந்தப் பக்கத்தில் அது வழக்கந்தான். செல்லாண்டியம்மன் கோயில் முன்னால் ஒரு கிடாயை நிறுத்தி, தலையில் மஞ்சள்தண்ணீர் ஊற்றி, கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். கிடாய் உடம்பைச் சிலிர்த்து ஒரு உதறு உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்தாயிற்று என்று அர்த்தம். உதறாமல் நின்றால் இல்லை. உதறின கிடாய் அன்றைக்கே குழம்பு. மற்றவர்கள் கோயில் நோன்புக்கு நாள் சாட்டவும் கல்யாணத்துக்கும் கேட்பார்கள். சின்னண்ணன் கிணறு வெட்டக் கேட்டார், காளையை விற்கக் கேட்டார், மீசையை எடுக்கலாமா என்று கேட்டார். போன வருஷம் எலெக்ஷனில் எந்தக் கட்சிப் பெட்டியில் ஓட்டுப் போடுவது என்றுகூடக் கேட்டார். ஆடு எந்தப் பெட்டிக்கும் உதறவில்லை. அதனால் அவர் ஓட்டுப் போடவே போகவில்லை.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் அது. சித்திரையில் பொன்னாத்தாள் சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருந்த மகள் வீட்டுக்குப் போனாள். போன அன்றைக்கு மத்தியானமே கொல்லையில் நின்று ஒரு மணி நேரத்தில் மூன்று குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். மூன்றாவது குடத்தைப் பக்கத்து வீட்டுச் சாரதாமணி பார்த்துவிட்டாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சாயங்காலங்களில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பாள்.

"மாசாமாசம் வர்றது நின்னுபோச்சா?" என்று வேலிக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்.

பொன்னாத்தாள் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். வைத்தியர் நாடி பார்த்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை.

"எனக்கும் ஆறு வருஷம் இருந்துச்சு. அழாதீங்க, உள்ளே வாங்க," என்றாள் சாரதாமணி.

பொன்னாத்தாளுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் டீச்சரம்மா ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்தாள். முதல் படத்தில் ஒரு ஆள் தலைகீழாக நின்றான். அது சிரசாசனம். இரண்டாவது, கொல்லன் துருத்தி மாதிரி மூச்சைப் புசுபுசுவென்று இழுத்து விடுகிற பஸ்திரிகை. மூன்றாவது, நாக்கைக் குழாய் மாதிரிச் சுருட்டி அதன் வழியாகக் காற்றை உறிஞ்சுகிற சீதளி. நாலாவது, வாயை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ரீங்காரம் போடுகிற பிராமரி.

"முதல் ரெண்டும் தெரிஞ்சுக்கறதுக்குத்தான். தலைகீழா நிக்கறது இந்த வயசுல புதுசா ஆரம்பிக்க வேண்டாம். துருத்தி மூச்சு சூடு ஏத்தும், உங்களுக்கு ஆகவே ஆகாது. கடைசி ரெண்டையும் நாலு நாள் செஞ்சு பாருங்க. உடம்பு எதைக் கேக்குதோ அதை வெச்சுக்குங்க," என்றாள்.

அங்கேயே பொன்னாத்தாள் நாக்கைச் சுருட்டி ஸ்ஸ்... ஸ்ஸ்... என்று உறிஞ்சிப் பார்த்தாள். காற்று தொண்டையில் பானைத் தண்ணீர் போல இறங்கியது. பத்தாவது மூச்சில் பிடரி அடங்கியது. சுவரில் சாய்ந்தவள் அரைமணி நேரம் கண்ணயர்ந்தாள். விழித்தபோது தன் வாயோரம் எச்சில் ஒழுகியிருந்ததைத் தொட்டுப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். மருந்து கிடைத்துவிட்டது. இனித் தூங்கிவிடலாம்.

ஊருக்குத் திரும்பியதும் காகிதத்தை ஒளித்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. புருஷனிடம் நீட்டினாள்.

சின்னண்ணன் முதல் படத்தைப் பார்த்தார். "இதாரு, கெணத்துல உழுந்தவனா?"

"தலைகீழா நிக்கறதுங்க அது. எனக்கு வேண்டாமுன்னு டீச்சரம்மா சொல்லிப்போட்டாங்க. இந்த நாக்கு சுருட்டறதுதானுங்க எனக்கு ஒத்து வருது."

"ஒத்து வருதுன்னு நீயாச் சொல்லிக்கிட்டா ஆச்சா அம்மிணி? ஒடம்புச் சமாச்சாரம். கேட்டுப்போட்டுச் செய்யலாம்."

யாரைக் கேட்டுவிட்டு என்று அவள் கேட்கவில்லை. பட்டியில் நின்ற கிடாயைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

ஆடு என்றால் பங்காளிகள் வருவார்கள். பதினாலு வீட்டு ஆம்பளைகளும் களத்தில் கூடி, பொன்னாத்தாள் எப்படி மூச்சு விடுவது என்று ஆலோசனை செய்தார்கள். சின்னண்ணனின் சித்தப்பா மகன் ராசப்பனுக்குத்தான் வாய் நீளம். காகிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இதுல இவனொருத்தந்தான் ஒழுங்கா நிக்கறான். மத்தவனெல்லாம் தலைகீழாத் தொங்கறான். அண்ணி இவன் செய்யறதையே செய்யட்டும்," என்றான்.

ஒருவர் காகிதத்தை நேராகத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தார். அது ராசப்பனுக்குப் பிடிக்கவில்லை. அடுத்து நாக்குச் சுருட்டுகிற படத்தில் வந்து நின்றான். "கொலத்துப் பொம்பள வெளிய நாக்கை நீட்டறதா? நாளைக்கு நம்ம ஊட்டுல எவன் பொண்ணு எடுப்பான்?"

"ஏன், அம்மனே நாக்கை நீட்டிக்கிட்டுத்தானே நிக்கறா?" என்றார் ஒரு கிழவர்.

"அம்மன் நீட்டறது வேற, அண்ணி நீட்டறது வேற."

மத்தியானம் வரைக்கும் பேசி, மூன்று படத்துக்கு ஆட்டைக் கேட்பது என்று முடிவானது. நாலாவதான வண்டுப் படத்தை ராசப்பன் தள்ளிவிட்டான். "மொனகறதுக்கெல்லாம் ஒரு கெடாயா? அதை யாரும் கேக்க வேண்டியதில்ல." இவ்வளவு பேச்சு நடந்ததில் பொன்னாத்தாளை ஒரு வார்த்தை கேட்டவர் கிடையாது. அவள் பதினாலு பேருக்கும் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள், நடுவில் இரண்டு தடவை வேர்த்து விறுவிறுத்தாள், அதையும் யாரும் பார்க்கவில்லை.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிடாயை நிறுத்தினார்கள். பூசாரி முதல் சொம்பை ஊற்றி, "ஆத்தா, தலைகீழா நிக்கலாமா?" என்று கேட்டார். கிடாய் அசையவில்லை. பொன்னாத்தாள் கும்பிட்டாள். இரண்டாவது சொம்பு. "ஆத்தா, நாக்கைச் சுருட்டலாமா?" கிடாய் நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டது, பொன்னாத்தாளைப் பார்த்தது, நின்றது. உதறு சாமி, உதறு சாமி என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். உதறவில்லை. மூன்றாவது சொம்பு நேரே காதுக்குள் போயிற்று. "ஆத்தா, துருத்தி மூச்சு விடலா..." பூசாரி கேட்டு முடிப்பதற்குள் கிடாய் கொம்பு முதல் வால் வரைக்கும் உதறி, முன்னால் நின்றவர்கள் எல்லோரையும் நனைத்துவிட்டது.

பம்பை அடித்தார்கள். "ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், தெனம் நூறு மூச்சு," என்று பூசாரி சொல்லிவிட்டார்.

"அது சூடுங்க! எனக்கு ஆகாதுன்னு டீச்சரம்மா..." என்று பொன்னாத்தாள் ஆரம்பித்தாள்.

"டீச்சரம்மா பெருசா, ஆத்தா பெருசா?" என்றான் ராசப்பன்.

மறுநாள் விடியலிலிருந்து தொடங்கியது அந்தக் கூத்து. கட்டுத்தரையில் பொன்னாத்தாள் உட்கார்ந்து புஸ் புஸ் என்று மூச்சை இறைப்பாள். எதிரே சின்னண்ணன் நூறு புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு மூச்சுக்கு ஒன்றாகத் தள்ளுவார். நடுவில் அவருக்குக் கொட்டாவி வந்து எண்ணிக்கை தவறினால் மறுபடி ஒன்றிலிருந்து. நல்லது செய்கிறோம் என்றே அந்த மனுஷர் நம்பினார். அதுதான் வயிற்றெரிச்சல். நாற்பதாவது மூச்சில் அவளுக்குக் காது சிவக்கும். எழுபதில் கண்ணெதிரே பூச்சி பறக்கும். நூறு முடிந்து எழுந்தால் தலைமயிரிலிருந்து ஆவி வருகிறதோ என்று தொட்டுப் பார்ப்பாள்.

"அத்தை, உங்க முதுகுல தோசை ஊத்தலாம் போலிருக்குதுங்க," என்றாள் மருமகள் ராமாயி, ஈரத்துணியை வைத்தபடி. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, தூக்கமே இல்லீங்க," என்று பொன்னாத்தாள் தினமும் புருஷனிடம் சொன்னாள்.

"மண்டலம் முடியட்டும் அம்மிணி," என்றார் அவர்.

திருட்டுத்தனமாக நாக்கைச் சுருட்டியிருக்கலாமே என்று தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் அம்மன் வேண்டாம் என்றதைச் செய்து, நாளைக்குப் பேரனுக்கு ஒரு காய்ச்சல் கண்டால்? அந்தப் பயத்தில் நாக்கைப் பல்லுக்குள்ளேயே வைத்திருந்தாள். ஆடு வேண்டாம் என்று சொல்லாதது ஒன்றுதான் பாக்கி இருந்தது, அந்த வண்டு. முப்பதாவது நாள் மத்தியானம் சூடு தாங்காமல் ஆட்டுப்பட்டிக்குள் போய் ஒரு மூலையில் குந்தினாள். யாரும் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்காத இடம் அது ஒன்றுதான். காதைப் பொத்திக்கொண்டு ம்ம்ம்ம்ம் என்று ரீங்காரம் போட்டாள்.

பக்கத்தில் நின்ற வேறொரு கிடாய் சிலிர்த்து உதறியது.

அவள் நிறுத்தினாள். கிடாய் தழை தின்னப் போயிற்று. மறுபடி ம்ம்ம்ம். மறுபடி உதறல். ஆட்டு ஈ காதண்டை வந்துவிட்டது என்று அது நினைத்துக்கொண்டது, வேறொன்றும் இல்லை. பொன்னாத்தாள் எழுந்து அடுத்த ஆட்டிடம் போனாள். அதுவும் உதறியது. பட்டியில் இருந்த ஏழையும் சோதித்தாள். ஏழும் உதறின. எருதிடம் போய்ப் போட்டாள், அது காதை விசிறி அடித்தது. நாயிடம் போட்டாள், நாய் எழுந்து அடுத்த தோட்டத்துக்கே போய்விட்டது.

திரும்பிப் பட்டிக்கு வந்து உட்கார்ந்தாள். அப்படியானால் ஆடியில் உதற வைத்தது ஆத்தாளா, காதுக்குள் போன தண்ணீரா? முதலில் வந்தது கோபம். முப்பது நாள், நாளுக்கு நூறு என்று மூவாயிரம் மூச்சு! அப்புறம் சிரிப்பு வந்து, ஆடுகள் பார்க்கத் தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அதற்கப்புறம் பயம் வந்தது. ஆத்தாளை ஏய்ப்பதாகிவிடாதா? வெகுநேரம் யோசித்தாள். இந்த வண்டு மூச்சையும் ஆத்தாள்தானே என் வாயில் வைத்தாள், வேறு யார் வைத்தார்கள் என்று ஒரு முடிவுக்கு வந்தாள். அது அவள் ஆயுளில் ஆட்டைக் கேட்காமல் எடுத்த முதல் முடிவு.

மண்டலம் முடிந்த நாள் மறுபடி கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். சின்னண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். ஆட்டைக் கேட்பதென்றால் அவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. பதினாலு வீடும் கோயில் முன்னால் கூடியது. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கறிக்கு மூன்று அண்டாவில் தண்ணீர் கொதித்தது.

"வேண்டுதல்காரி நானுங்க, கவுறு எங் கையிலயே இருக்கட்டும்," என்று சொல்லிக் கிடாயின் கயிற்றைப் பொன்னாத்தாள் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி, பக்தியாகக் குனிந்து, கிடாயின் காதருகே நின்றாள். பம்பைச் சத்தத்தில் அவளுடைய ரீங்காரம் கிடாய்க்கு மட்டுந்தான் கேட்டது.

"ஆத்தா, நாக்கைச் சுருட்டலாமா?"

கிடாய் உதறின உதறலில் பூசாரியின் கண்ணில் மஞ்சள்தண்ணீர் அடித்தது.

"இன்னொருக்காக் கேளுங்க. போன தடவ வேண்டாமுன்னுதே," என்றான் ராசப்பன்.

மறுபடி கேட்டார். மறுபடி உதறியது. இவ்வளவு தாராளமான ஆட்டை ஊர் பார்த்ததில்லை. சனம் விடுமா? ராமாயி கூச்சப்பட்டுக்கொண்டே முன்னால் வந்து, தீபாவளிக்கு அம்மா வீட்டில் பத்து நாள் இருக்கலாமா என்று கேட்டாள். உதறியது. ஒருத்தி மூக்குத்திக்குக் கேட்டாள். உதறியது. வெண்ணந்தூரிலிருந்து விருந்தாளியாக வந்த ஒறம்பரை ஒருத்தி, மாமியாரோடு சண்டை போட்டால் தப்பா என்று ஆரம்பித்தாள், கேள்வியை எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றாள், அதற்கும் உதறியது. பொன்னாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் பெண்களுடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்த மனசு வரவில்லை.

அப்போது ராசப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "ஆத்தா, நான் இன்னொரு கண்ணாலம் பண்ணிக்கலாமா?"

அவன் பெண்டாட்டி காளியாத்தாள் கூட்டத்தில்தான் நின்றாள்.

பொன்னாத்தாள் மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்தினாள். கிடாய் கல்லாக நின்றது. பூசாரி இன்னொரு சொம்பு ஊற்றினார். கல். ராசப்பனே சொம்பை வாங்கி ஊற்றினான். பொன்னாத்தாளின் முகம் கறுத்தது, கண் பிதுங்கியது, ஒரு துளி காற்று வெளியே வரவில்லை. மூவாயிரமும் அதற்கு மேலுமாகத் துருத்தி இழுத்த நெஞ்சு, சும்மாவா?

"போதுமுங்க," என்றாள் காளியாத்தாள். "இன்னமும் ஊத்துனா ஆட்டுக்குச் சளி புடிச்சுக்கும்."

சனம் சிரித்த சிரிப்பில் ராசப்பன் சொம்பைக் கீழே வைத்துவிட்டான்.

"உத்தரவு ஆச்சு. இங்கயே, ஆத்தா முன்னாலயே ஒருக்காச் செஞ்சிரு அம்மிணி," என்றார் சின்னண்ணன்.

பொன்னாத்தாள் வேப்பமரத்தடியில் சம்மணம் போட்டாள். கயிறு மணிக்கட்டிலேயே இருந்தது. நாக்கைச் சுருட்டி உறிஞ்சினாள். ஐப்பசிக்கு முந்தின ஈரக்காற்று தொண்டையில் இறங்கியது. பத்தாவது மூச்சில் பிடரி குளிர்ந்தது. இருபதாவது மூச்சு வரவில்லை. நனைந்த கிடாய் அவள் பக்கத்தில் படுத்தது, அவள் அதன்மேல் சாய்ந்தாள், வாய் திறந்தது. குறட்டை வந்தது.

பூசாரி அரிவாளோடு வந்து நின்றார். "கெடாயை இழுத்தா அம்மா முழிச்சுக்குவாங்களே."

"முழிக்கட்டும். உத்தரவு குடுத்த கெடாயை வெட்டாம வெச்சிருந்தாத் தெய்வக்குத்தம்," என்றான் ராசப்பன். "அண்ணி! எந்திரிங்க!"

"சத்தம் போடாத," என்றார் சின்னண்ணன்.

"அண்ணா, தண்ணி கொதிக்குது. சனம் பசியோட நிக்குது. சரி, எழுப்பறதா வேண்டாமான்னு ஆத்தாளையே கேட்டுப்போடலாம். பூசாரி, ஊத்துங்க."

பூசாரி சொம்பைத் தூக்கினார். சின்னண்ணன் எட்டி அந்தச் சொம்பைப் பிடுங்கினார்.

"கேக்க வேண்டாம்."

பதினாலு வீட்டுச் சனமும் அவரைப் பார்த்தது.

"கேக்கறதுக்கு இதுல என்ன இருக்குது? அவ தூங்கறா. அண்டாவுல பருப்பைப் போடுங்க, எல்லாரும் பருப்புச்சோறு உண்டுபோட்டுப் போங்க. பம்பைக்காரங்க அக்கட்டால போய் உக்காருங்க."

ராசப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். காளியாத்தாள் அவன் கையில் துவரம்பருப்பு மூட்டையைக் கொடுத்தாள்.

வெயில் நகர்ந்து பொன்னாத்தாளின் முகத்துக்கு வந்தது. சின்னண்ணன் அந்தப் பக்கம் போய் நின்று மறைத்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவளுக்கும், வேறு வழியில்லாமல் ஆட்டுக்கும் சேர்த்து விசிறினார். அவளுடைய கண்ணைச் சுற்றியிருந்த கருவளையத்தை அப்போதுதான் பார்த்தார். தூங்குகிற முகத்தில் அது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ராமாயி சோற்றைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இந்தப் பாடு படுத்தியிருக்குது. ரெண்டு வருசமாத் தூங்காம இருந்திருக்கறா," என்றார், தாழ்ந்த குரலில். "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே, சாமி."

"அத்தை தெனமும் சொன்னாங்களே மாமா," என்றாள் ராமாயி. "உங்ககிட்டத்தானுங்க சொன்னாங்க."

சின்னண்ணன் வெயிலுக்குத் தக்கபடி இன்னும் ஓரடி நகர்ந்து நின்றார். கை வலித்தபோது துண்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, பொழுது சாயும் வரைக்கும் விசிறினார்.